தீர்ப்பைச் சுமந்து நடந்த முதல் வகுப்பு: நியூ ஆர்லியன்ஸ், 1960

2025 ஏப்ரல் கடைசியில் அமெரிக்க நீதித் துறை ஒரு பழைய வழக்குக்கோப்பை மூடியது. லூசியானா மாநிலத்தில் பிளாக்கமின்ஸ் என்ற மாவட்டத்தின் பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கச் சொல்லி 1966இல் தொடுக்கப்பட்ட வழக்கு அது. செய்தியைப் படித்தவர்களுக்கு வரும் முதல் கேள்வி: பள்ளிக்கூடம் பற்றிய ஒரு வழக்கு எப்படி ஏறத்தாழ அறுபது வருடம் உயிரோடு இருந்தது? இனப்பிரிவினை 1954லேயே சட்டவிரோதம் ஆகிவிட்டதே?

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு படமும் கூடவே வரும். தலையில் ரிப்பன், கையில் பை. சுற்றிலும் உயரமான ஆண்கள். நடுவில் ஆறு வயதுச் சிறுமி. பெயர் ரூபி பிரிட்ஜஸ். பிளாக்கமின்ஸிலிருந்து ஆற்றோடு மேலே போனால் வரும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் குழந்தை. 1954 தீர்ப்புக்கும் 2025 செய்திக்கும் நடுவே என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள, அந்தக் குழந்தைக்கு ஒரு வருடம் முழுக்க என்ன நேர்ந்தது என்று பார்ப்பதுதான் நல்ல வழி. சட்டத்தின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

முதலில் நான்கு சொற்கள்

செய்திகளில் இவை ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன. பிரித்து வைத்துக்கொண்டால் மேலே படிப்பது எளிது.

1. சட்டப் பிரிவினை: அரசே சட்டம் போட்டு, இந்தப் பள்ளி வெள்ளையருக்கு, அந்தப் பள்ளி கறுப்பினத்தாருக்கு என்று ஒதுக்குவது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்தது இது.

2. நடைமுறைப் பிரிவினை: சட்டத்தில் எதுவும் இருக்காது. ஆனால் யாருக்கு எந்தப் பகுதியில் வீடு கிடைக்கும், எந்த வங்கி யாருக்குக் கடன் தரும் என்பதால் குடியிருப்புகள் பிரிந்திருக்கும். பள்ளி குடியிருப்பைச் சார்ந்தது என்பதால் அதுவும் தானாகப் பிரிந்துவிடும்.

3. பிரிவினை நீக்கம்: சட்டத் தடையை எடுத்துவிட்டுக் கதவைத் திறப்பது. நீதிமன்றம் உத்தரவிடக்கூடியது இவ்வளவுதான்.

4. ஒருங்கிணைப்பு: ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே மைதானத்தில் விளையாடி, ஒரே ஆசிரியரிடம் திட்டும் பாராட்டும் வாங்குவது. கதவு திறந்தவுடன் இது வந்துவிடாது.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் இருக்கும் தூரத்தைத்தான் ரூபி பிரிட்ஜஸ் தினமும் நடந்து கடந்தாள்.

பிரிவினை புதிதாகக் கொண்டுவரப்பட்ட ஒன்று

பிரிவினை ஆதிகாலம் முதல் இருந்துவந்த வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1870இலிருந்து 1877 வரை, அந்த நகரத்தின் பல அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் சேர்ந்து படித்தார்கள். தென் மாநிலங்களில் இது அபூர்வம். 1877இல் அரசியல் காற்று மாறியதும் அது நிறுத்தப்பட்டது.

1890இல் லூசியானா சட்டமன்றம் ரயில் பெட்டிகளைப் பிரித்தது. அதை எதிர்த்து நியூ ஆர்லியன்ஸில் ஒரு குடிமக்கள் குழு திட்டமிட்டு வழக்குப் போட்டது. அவர்களுக்காக 1892இல் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதானவர் ஹோமர் பிளெஸ்ஸி, செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1896இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வசதி சமமாக இருந்தால் பிரித்து வைப்பதில் தவறில்லை என்பது அதன் சாரம். ஒரே ஒரு நீதிபதி, ஜான் மார்ஷல் ஹார்லன், மறுத்து எழுதினார்.

"சமம்" என்பது காகிதத்தில் இருந்தது. கறுப்பினப் பள்ளிகளுக்கு வெள்ளையர் பள்ளிகளில் கழித்துப்போட்ட பாடப்புத்தகங்கள் வந்தன. நியூ ஆர்லியன்ஸில் இடம் போதாமல் காலை ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஷிப்ட் முறையில் குழந்தைகள் படித்தார்கள்.

1954: குழந்தையின் மனத்தை வைத்து எழுதிய தீர்ப்பு

கான்சஸ், தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர் ஆகிய மாநிலங்களின் வழக்குகளை ஒன்றாக விசாரித்து, 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலாகத் தீர்ப்பளித்தது. பிரிவினை அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. 'பிரௌன் எதிர் கல்வி வாரியம்' என்று பெயர். அந்தப் பிரௌன், கான்சஸின் டொபீகா நகரத்து லிண்டா பிரௌன் என்ற சிறுமியின் தந்தை. வீட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையர் பள்ளி இருக்க, தூரத்துப் பள்ளிக்குப் போய்வந்த குழந்தை அவள்.

இந்தத் தீர்ப்பின் ஒரு தன்மையைக் கவனிக்க வேண்டும். கட்டடம், சம்பளம், புத்தகம் ஆகியவற்றை அளந்து பார்ப்பதோடு அது நிற்கவில்லை. நிறத்தைக் காரணம் காட்டி ஒரு குழந்தையைத் தனியே பிரிக்கும்போது அதன் மனத்தில் தாழ்வுணர்ச்சி ஏற்படுகிறது, அது பிறகு எளிதில் ஆறாது என்பதைத்தான் மையமாக வைத்தது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியின் ஆய்வு தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம்பெற்றது. அவர்கள் செய்த சோதனை எளிமையானது. நிறம் மட்டும் வேறாக உள்ள பொம்மைகளைச் சின்னக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். கடைசிக் கேள்வி வந்தபோது சில குழந்தைகள் கலங்கிப்போனார்கள்.

சரி, தீர்ப்பு வந்தது. எப்போது நிறைவேற்ற வேண்டும்? அதை அன்று சொல்லவில்லை. 1955இல் வந்த இரண்டாவது தீர்ப்பும் தேதி குறிக்கவில்லை. நிதானத்தோடு கூடிய வேகத்தில் செய்யுங்கள் என்ற பொருளில் ஒரு சொற்றொடரைப் போட்டு, பொறுப்பை அந்தந்தப் பகுதியின் கூட்டாட்சி நீதிபதிகளிடம் விட்டது. தென் மாநில அரசுகள் நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேகத்தை விட்டுவிட்டன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், சேர்த்துப் படிக்க வைப்பதைவிடப் பள்ளிகளே வேண்டாம் என்று 1959இல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் மூடியது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினக் குழந்தைகளுக்கு 1964 வரை ஊரில் அரசுப் பள்ளியே இல்லை. ஆறு வயதில் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய ஒரு குழந்தை பதினோரு வயதில் எழுத்துக் கூட்டக் கற்கத் தொடங்கியது என்றால் அந்த இழப்பை எந்தத் தீர்ப்பு ஈடுகட்டும்?

ஏன் ஆறு வயதுக் குழந்தைகள்?

படத்தைப் பார்க்கும் எல்லோரும் கேட்பது இது. இவ்வளவு பெரிய சண்டையில் இவ்வளவு சின்னக் குழந்தையை ஏன் முன்னால் விட்டார்கள்? மூன்று முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததன் விளைவு அது.

முதல் முடிவு நீதிமன்றத்தினுடையது. நியூ ஆர்லியன்ஸ் பள்ளி வாரியத்தின் மேல் கறுப்பினப் பெற்றோர்கள் 1952லேயே வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய வழக்கறிஞர் ஏ. பி. டுரோ. நீதிபதி ஜே. ஸ்கெல்லி ரைட், அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த வெள்ளையர். 1956இல் வாரியத்துக்கு எதிராக உத்தரவிட்டார். வாரியம் நான்கு வருடம் ஒன்றும் செய்யவில்லை. 1960இல் அவரே திட்டம் போட்டார்: இந்த வருடம் முதல் வகுப்பு, அடுத்த வருடம் இரண்டாம் வகுப்பு, இப்படி வருடத்துக்கு ஒரு வகுப்பாக மேலே போவது. வெறுப்பை இன்னும் கற்றுக்கொள்ளாத வயதில் குழந்தைகள் எளிதாகப் பழகிவிடுவார்கள் என்ற எண்ணம் இத்தகைய திட்டங்களுக்குப் பின்னால் இருந்தது. குழந்தைகளைப் பற்றி அது சரியான கணக்கு. வாசலில் நிற்கப்போவது பெரியவர்கள் என்பது அதில் சேரவில்லை.

இரண்டாவது முடிவு மாநிலத்தினுடையது. பள்ளி மாற விரும்பும் கறுப்பினக் குழந்தை தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று வைத்தார்கள். அதே பள்ளியில் சேரும் வெள்ளைக் குழந்தைக்கு அந்தத் தேர்வு கிடையாது. எத்தனை பேரை வடிகட்ட முடியுமோ அத்தனை பேரை வடிகட்டுவதுதான் நோக்கம். நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விண்ணப்பித்ததில், கடைசியில் பள்ளி வாசலை மிதித்தது நான்கு சிறுமிகள். ஒருத்தி ரூபி, வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்கு. மற்ற மூவர் லியோனா டேட், கெயில் எட்டியென், டெஸ்ஸி பிரிவோஸ்ட், மெக்டோனா 19 பள்ளிக்கு.

மூன்றாவது முடிவு பள்ளி வாரியத்தினுடையது. அந்த இரண்டு பள்ளிகளும் ஒன்பதாம் வார்டில் இருந்தன. உழைக்கும் வெள்ளையர்கள் வாழ்ந்த, நகரம் அதிகம் கண்டுகொள்ளாத பகுதி. வசதியானவர்களின் குழந்தைகள் படித்த பகுதிகளை வாரியம் தொடவில்லை. எங்கள் பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்குகிறார்கள் என்ற கோபம் அங்கே ஏற்கெனவே மண்டியிருந்தது. அந்தக் கோபத்தின் நடுவே நான்கு குழந்தைகளை இறக்கிவிட்டார்கள்.

பெரிய மனிதர்கள் எடுத்த இந்த மூன்று முடிவுகளில் எதிலும் "இந்தக் குழந்தைக்கு எப்படி இருக்கும்?" என்ற கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை. குழந்தையின் மனத்தைக் காப்பதற்காக எழுதப்பட்ட தீர்ப்பை நிறைவேற்றும்போது அதையே மறந்துபோனது, இந்த வரலாற்றில் எனக்கு ஆறாத விஷயம்.

நவம்பர் 14: குழந்தைக்குத் தெரிந்த அளவில்

ரூபிக்கு நான்கு வயது இருக்கும்போது மிசிசிப்பியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் அது. புதுப் பள்ளிக்கு அனுப்புவதில் அப்பா ஏபனுக்கு விருப்பம் இல்லை. கொரியப் போரில் சண்டை போட்டவர். நாட்டுக்காகப் போரிட்டும் தனக்கு மரியாதை கிடைக்கவில்லை என்று கண்டவர். அம்மா லூசில் விடவில்லை. தனக்குக் கிடைக்காத படிப்பு மகளுக்குக் கிடைக்கட்டும் என்று நின்றார்.

செப்டம்பரில் நடந்திருக்க வேண்டியது நவம்பருக்குத் தள்ளிப்போனது. ஆளுநர் ஜிம்மி டேவிஸ் சட்டமன்றத்தைக் கூட்டி, தடுப்பதற்கென்றே சட்டங்களாகப் போட்டார். நவம்பர் 14ஐ விடுமுறை என்றே அறிவித்துப் பார்த்தார்கள். நீதிபதி ரைட் ஒவ்வொன்றுக்கும் தடை போட்டார். மாநில அரசே எதிர்த்து நின்றதால் உள்ளூர்க் காவலை நம்ப முடியாது. அதனால்தான் கூட்டாட்சி அரசின் மார்ஷல்கள், அதாவது நீதிமன்ற உத்தரவை நடத்திவைக்கும் காவலர்கள், வந்தார்கள்.

இதில் எதுவும் ரூபிக்குத் தெரியாது. இன்று புதுப் பள்ளிக்குப் போகிறாய், ஒழுங்காக நடந்துகொள் என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தார். வீட்டிலிருந்து ஐந்து தெரு தள்ளித்தான் பள்ளி. காரில் போய் இறங்கினால் தெரு நிறைய ஜனம், கூச்சல், பொருள்களைத் தூக்கி எறிகிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் ஆண்டுதோறும் மார்டி கிரா என்ற திருவிழா நடக்கும். அதிலும் ஜனம் தெருவில் நின்று கத்தும், பொருள்களை வீசும். இதுவும் அதுதான் என்று ரூபி நினைத்தாள். பிற்காலத்தில் அவரே சொன்னது இது. தேர்வு எழுதித் தேறிய கெட்டிக்காரி என்று எல்லோரும் பேசியதைக் கேட்டு, அந்தக் கட்டடம் கல்லூரியாக இருக்கும் என்றும் நினைத்திருக்கிறாள்.

முதல் நாள் முழுக்க அம்மாவும் மகளும் தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே வெள்ளைப் பெற்றோர்கள் வந்து வந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வகுப்பும் நடக்கவில்லை. மறுநாள் ஓர் ஆசிரியை காத்திருந்தார். பார்பரா ஹென்றி, பாஸ்டனிலிருந்து வந்தவர். அவளுக்குப் பாடம் நடத்த அங்கே அவரைத் தவிர ஆள் இல்லை. அந்த வருடம் முழுக்க ஓர் அறை, ஓர் ஆசிரியை, ஒரு மாணவி.

வாசலில் கூட்டம் மட்டும் குறையவில்லை. அதில் பெரும்பாலும் பெண்கள், அம்மாக்கள். ஒரு கறுப்புப் பொம்மையைச் சின்னச் சவப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூச்சலைவிட அந்தப் பொம்மைதான் தன்னை அதிகமாகப் பயமுறுத்தியது, கனவிலும் வந்தது என்று ரூபி பின்னால் சொன்னார். கிளார்க் தம்பதியின் சோதனையிலும் ஒரு கறுப்புப் பொம்மை இருந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு பெண் தினமும் விஷம் வைத்துவிடுவேன் என்று கத்தினாள். அதனால் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை மட்டும்தான் சாப்பிடலாம் என்று மார்ஷல்கள் சொல்லிவிட்டார்கள். மதியம் ரூபி தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடவில்லை. சாண்ட்விச்சுகளை அலமாரியில் ஒளித்துவைத்தாள், பாலைப் பசை ஜாடியில் ஊற்றினாள். எலியும் கரப்பானும் வந்தபிறகுதான் கண்டுபிடித்தார்கள். அப்புறம் ஹென்றி அவளோடு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். பிடிவாதம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். துணைக்கு ஆள் இல்லாத சாப்பாடு குழந்தைக்கு இறங்காது என்பது வீட்டில் பிள்ளை வளர்த்த யாருக்கும் தெரியும்.

ராபர்ட் கோல்ஸ் என்ற குழந்தை மனநல மருத்துவர் அப்போது மிசிசிப்பியில் விமானப்படையில் இருந்தார். தற்செயலாக அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தானாக முன்வந்து ரூபியின் வீட்டுக்கு வாராவாரம் போனார். பேசச் சொல்லாமல் படம் வரையச் சொன்னார். அவள் வரைந்த வெள்ளைச் சிறுமிகள் உயரமாக, விரல்வரை முழுமையாக இருந்தார்கள். தன்னை வரைந்தால் சின்னதாக, ஒரு படத்தில் கண் இல்லாமல், இன்னொன்றில் காது இல்லாமல் வரைந்தாள். பழுப்பும் கறுப்பும் பல மாதங்களுக்குத் தரையைக் காட்ட மட்டும்தான் பயன்பட்டன. வாயைத் திறந்து புகார் சொல்லாத, அழாமல் சிப்பாய்போல நடந்ததாக மார்ஷல்கள் பாராட்டிய குழந்தை அவள். வெளியே தெரிந்த தைரியத்தை மட்டும் வைத்துக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவுகட்டுபவர்கள் அந்த ஓவியங்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் கூட்டத்துக்கு நடுவே நின்று அவள் உதடு அசைந்ததை ஆசிரியை ஜன்னல் வழியே பார்த்தார். அவர்களிடம் பேசவில்லை, அவர்களுக்காக ஜெபம் செய்தேன் என்றாள் ரூபி.

பள்ளிக்குள் இன்னொரு சுவர்

எல்லா வெள்ளைப் பெற்றோர்களும் பிள்ளைகளை நிறுத்திவிடவில்லை. ஒரு பாதிரியார் உட்பட விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், வசவையும் மிரட்டலையும் தாங்கிக்கொண்டு தங்கள் குழந்தைகளை அனுப்பினார்கள். ஆனால் ரூபிக்கு அவர்கள் கண்ணில் படவில்லை. எங்கிருந்தோ குழந்தைகளின் குரல் மட்டும் கேட்கும். பள்ளி நிர்வாகம் அவர்களை வேறு அறையில் வைத்திருந்தது.

இது சட்டத்துக்கு விரோதம் என்று ஹென்றி தலைமை ஆசிரியரிடம் வாதாடி, பள்ளி வருடத்தின் பிற்பகுதியில்தான் ரூபியை அந்தக் குழந்தைகளோடு சேர்க்க முடிந்தது. அங்கே ஒரு பையன், உன்னோடு விளையாடக் கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறார் என்று சொல்லி, காரணமாக அவள் நிறத்தைக் குறிக்கும் இழிசொல்லையும் சொன்னான். கோபம் வரவில்லை, எல்லாம் அப்போதுதான் புரிந்தது என்று ரூபி பின்னாளில் விளக்கியிருக்கிறார். ஜனம், கூச்சல், காலி வகுப்பு, தனிச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் காரணம் தானே என்று ஆறு வயதில் தெரிந்துகொண்டாள். நீதிமன்றப் பதிவேட்டைப் பொறுத்தவரை ஃபிரான்ட்ஸ் பள்ளி நவம்பர் 14 அன்றே பிரிவினை நீங்கிய பள்ளி.

மெக்டோனாவில் மூன்று பேர்

ரூபியின் புகழில் மற்ற மூவரும் மறைந்துபோனார்கள். மெக்டோனா 19இல் முதல் நாள் முடிவதற்குள் வெள்ளைக் குழந்தைகள் எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு முழுக் கட்டடத்தில் மூன்று சிறுமிகள் மட்டும். வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல்களில் காகிதம் ஒட்டினார்கள். குடிநீர்க் குழாய்களை நிறுத்தினார்கள். மைதானத்துக்குப் போக முடியாது. படிக்கட்டுக்கு அடியில் விளையாடினார்கள்.

ஆனாலும் அவர்களுக்கு ஒருவருக்கொருவர் துணை இருந்தது. கொடுமை பிறகு வந்தது. மூன்றாம் வகுப்பில் அவர்களை செம்ஸ் என்ற வேறொரு வெள்ளையர் பள்ளிக்கு மாற்றினார்கள். இந்த முறை வெள்ளைக் குழந்தைகள் போகவில்லை, இருந்தார்கள். மார்ஷல்கள்தான் இல்லை. அடித்தார்கள், துப்பினார்கள். கேமராக்கள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டிருந்தது. என்னைக் கேட்டால், பிரிவினை நீக்கத்தின் உண்மையான முதல் நாள் அதுதான்.

வீடு கொடுத்த விலை

கூட்டத்தின் கோபம் பள்ளி வாசலோடு நிற்கவில்லை. ரூபியின் அப்பா பெட்ரோல் நிலைய வேலையை இழந்தார். வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் இனி வராதீர்கள் என்றார்கள். மிசிசிப்பியில் விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழுதுகொண்டிருந்த தாத்தா பாட்டி அந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பேத்தி படிக்கப்போன பள்ளி எங்கோ, வயல் எங்கோ. தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அக்கம்பக்கத்தார். ஒருவர் அப்பாவுக்கு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை கொடுத்தார். சிலர் இரவில் வீட்டுக்குக் காவல் இருந்தார்கள். சிலர் மார்ஷல்களின் காருக்குப் பின்னாலேயே நடந்து போனார்கள். பெற்றோர் பின்னாளில் பிரிந்தார்கள்.

அப்புறம் நாட்டில் என்ன ஆயிற்று?

நான்கு சிறுமிகள் நடந்ததால் உடனே தெற்கு மாறிவிடவில்லை. 1964இல், அதாவது தீர்ப்பு வந்து பத்து வருடம் ஆனபின்னும், தென் மாநிலங்களின் கறுப்பின மாணவர்களில் நூற்றுக்குச் சுமார் 2 பேர்தான் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பள்ளிகளில் படித்தார்கள். வேகம் பிடித்தது அதன் பிறகுதான்:

1. 1964 சிவில் உரிமைகள் சட்டம்: பிரிவினை காட்டும் பள்ளிகளுக்கு மத்திய நிதி கிடையாது, நீதித் துறையே வழக்குப் போடலாம் என்றது. பெற்றோர்கள் வேலையைப் பணயம் வைத்து வழக்குப் போட வேண்டிய நிலை மாறியது.

2. 1968: விருப்பப்பட்டவர் மாறிக்கொள்ளலாம் என்று சொன்னால் போதாது, பிரிவினையை வேரோடு எடுக்கும் திட்டம் இப்போதே வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

3. 1971: குடியிருப்பு பிரிந்திருந்தால் பேருந்து வைத்தாவது குழந்தைகளைக் கலக்கலாம் என்றது.

4. 1974: டெட்ராய்ட் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பிரேக் போட்டது. புறநகர் மாவட்டங்கள் தவறு செய்ததாக நிரூபிக்காமல் அவற்றை நகரத்தோடு சேர்த்துத் திட்டம் போட முடியாது என்றது. நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போய்விட்டால் போதும் என்று ஆகிவிட்டது. பிரௌன் வழக்கை வாதாடி வென்று, பின்னர் நீதிபதியான தர்குட் மார்ஷல் இதைக் கடுமையாக மறுத்து எழுதினார்.

1988 வாக்கில் அந்த 2 சதவீதம் 43க்கு மேல் உயர்ந்தது. அதுதான் உச்சம். 1991 முதல் நீதிமன்றங்கள் பழைய உத்தரவுகளிலிருந்து மாவட்டங்களை விடுவிக்கத் தொடங்கின. எண்ணிக்கை திரும்ப இறங்கியது.

நன்மை உண்டா என்றால், உண்டு. அந்தத் தலைமுறையைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த பொருளியல் ஆய்வாளர் ரக்கர் ஜான்சன், கலந்த பள்ளிகளில் படித்த கறுப்பினக் குழந்தைகள் கூடுதலாகப் படித்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், ஆரோக்கியமாக இருந்தார்கள், வெள்ளைக் குழந்தைகளுக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை என்று கண்டார். விலையும் உண்டு. கலப்பு என்ற பெயரில் பெரும்பாலும் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிகள். வேலை போனது பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களுக்கு. புதிய பள்ளியில் தன் முகச்சாயலில் ஒரு ஆசிரியரும் இல்லாத குழந்தைகள் நிறைய. நடக்க வேண்டிய தூரம் முழுவதையும் ஒரு பக்கத்தார்தான் நடந்தார்கள்.

பிளாக்கமின்ஸ் கோப்பு

இப்போது தொடங்கிய இடத்துக்கு வரலாம். 1960 நவம்பர் 15 இரவு நியூ ஆர்லியன்ஸில் ஆயிரக்கணக்கானோர் கூடிய கூட்டத்தில் வெறியேற்றிப் பேசியவர் லியாண்டர் பெரெஸ். மறுநாள் நகரத்தில் கலவரம். அவர் பிளாக்கமின்ஸின் அரசியல் முதலாளி. 1962இல் கத்தோலிக்கப் பள்ளிகளில் பிரிவினை நீக்கத்தை எதிர்த்ததற்காகப் பேராயர் அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். அவருடைய கோட்டையின் மேல்தான் 1966இல் நீதித் துறை வழக்குப் போட்டது. வெள்ளையருக்கென்று தனியார் பள்ளிகளைத் திறந்தது அவர் கொடுத்த பதில்.

1975இல் நீதிமன்றம் அந்த மாவட்டப் பள்ளிகள் ஒருங்கிணைந்துவிட்டன என்று கண்டு, இன்னும் ஒரு வருடம் மட்டும் கண்காணிக்கச் சொன்னது. அதே ஆண்டில் நீதிபதி இறந்தார். கோப்பை மூட யாரும் வரவில்லை. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களின் மேல் பழைய உத்தரவுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றின்படி ஆசிரியர் நியமனம், மாணவர் மேல் எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கை, பள்ளி எல்லை போன்றவற்றைப் பற்றி அரசு கணக்குக் கேட்க முடியும். பாதி மறந்துபோன உத்தரவுகள் வீண் சுமை என்பது ஒரு தரப்பு. உத்தரவு போனால் கேள்வி கேட்கும் உரிமையே போய்விடும் என்பது மறு தரப்பு. எனக்கு இரண்டாவது தரப்பின் கவலை நியாயமாகப் படுகிறது. ஃபிரான்ட்ஸ் பள்ளியில் ஒரு குழந்தையைத் தனி அறையில் வைத்திருந்தபோதும் பதிவேடு சரியாகத்தான் இருந்தது.

ரூபி இரண்டாம் வகுப்புக்குத் திரும்பியபோது கூட்டம் இல்லை, மார்ஷல்கள் இல்லை, ஹென்றியும் இல்லை. வகுப்பு நிறையக் குழந்தைகள். போன வருடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபிரான்ட்ஸ் பள்ளியில் காலப்போக்கில் வெள்ளைக் குழந்தைகள் அருகிப்போனார்கள். 2005 கத்ரீனா புயலில் அது சேதமடைந்து மூடப்பட்டு, பின்னர் வேறு பெயரில் திறந்தது. அங்கே இப்போது ரூபிக்குச் சிலை இருக்கிறது.

மெக்டோனா 19 கட்டடம் பல வருடம் பூட்டிக் கிடந்தது. லியோனா டேட் ஓர் அறக்கட்டளை தொடங்கி அதை மீட்டார். 2022இல் திறந்தபோது மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். மேலே முதியோருக்கான வீடுகள், கீழே கண்காட்சி. டெஸ்ஸி பிரிவோஸ்ட் 2024 ஜூலையில் காலமானார். ஜன்னல்களில் இப்போது காகிதம் இல்லை.